இரத்தத்தில் மறதியின் சுவடு
அல்ஸைமர் நோயை முன்கூட்டி அறிய முயலும் உயிருணரிகள்

முதுமை வந்தால் மறதியும் வரும் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சமாதானம். ‘வாப்பாவுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் மறந்துவிடுகிறார்கள்’ என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வேறு. கண்ணாடி எதற்காக என்றே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு. முன்னது முதுமையின் இயல்பு. பின்னது நோய். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை வீட்டார் உணர்ந்துகொள்ளும் போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். அந்த எல்லைக்கோட்டை ஒரு சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்பதே மருத்துவ ஆய்வுலகம் இன்று தீவிரமாக ஆராய்ந்துவரும் கேள்வி. அதற்குக் கிடைத்துள்ள விடை எந்த அளவினது, அதன் வரம்புகள் யாவை என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நோயின் வரலாறு

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தம் பெயரைக்கூட எழுதி முடிக்க இயலாத நிலையில் அவர் இருந்தார். அவரைப் பரிசோதித்தவர் அலோய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர். அப்பெண்மணி 1906இல் இறந்தபோது அல்ஸைமர் மியூனிக் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, வெள்ளி உப்புச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகளும், நரம்பணுக்களுக்கு உள்ளே சிக்கலுற்ற நூற்கண்டு போன்ற இழைகளும் காணப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதனை அவர் எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தம் மருத்துவப் பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார்.

அந்தப் படிவு எதனால் ஆனது என்பது தெரிய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1984இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர், கெயின் வோங் ஆகிய இருவரும் அது அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதத் துண்டு என்பதைக் கண்டறிந்தனர். நரம்பணுவின் மேற்சவ்விலுள்ள ஒரு பெரிய புரதம் வெட்டுண்டு இத்துண்டு பிறக்கிறது. இதில் 40 அமினோ அமிலங்கள் கொண்ட வகையும் 42 கொண்ட வகையும் உண்டு. 42 கொண்டதே எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிப் படிவாகிறது. நரம்பணுவுக்கு உள்ளே சிக்கலுறும் இழைகளோ டௌ என்னும் மற்றொரு புரதத்தால் ஆனவை. நலமான நிலையில் டௌ, நரம்பணுவின் உட்குழாய்களைத் தாங்கி நிற்கிறது. அதன் மீது பாஸ்ஃபேட் துணுக்குகள் மிகுதியாக ஏறும்போது அது தன் இடத்தை விட்டுக் கழன்று, தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்கிறது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அமிலாய்டு படியத் தொடங்குவதற்கும் முதல் மறதி தோன்றுவதற்கும் இடையே 15 முதல் 20 ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கிறது. எழுபது வயதில் தடுமாறுபவரின் மூளையில் ஐம்பதைச் சற்றுக் கடந்தபோதே நோய் குடிபுகுந்துவிட்டது என்பது இதன் பொருள். வெளியே தெரியாமல் உள்ளே நடந்தேறும் இந்நெடுங்காலமே முன்கூட்டி அறியும் முயற்சிக்கு இடந்தருகிறது.

பிழையிலிருந்து அறிவதும் பிழைக்கு முன் அறிவதும்

ஒருவரின் நினைவாற்றல் எப்போது பிறழத் தொடங்கியது என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதனை ‘இக்திலாத்’ என்னும் தலைப்பில் தனியே ஆராய்ந்தனர். கூஃபா நகரத்து அறிவிப்பாளர் அதா இப்னு ஸாயிப் (ஹிஜ்ரி 136இல் மறைந்தவர்) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதுமையில் அவருடைய நினைவு தடுமாறியது. ஆகவே ஷுஅபா, ஸுஃப்யான் ஸவ்ரீ போன்று முற்காலத்தில் அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்புகளை வல்லுநர்கள் ஏற்றனர். பிற்காலத்தில் கேட்டவர்களின் அறிவிப்புகளில் தயக்கம் காட்டினர். ஒரே மனிதரின் வாழ்வில் தெளிவு முடிந்து தடுமாற்றம் தொடங்கும் இடத்தை அவர்கள் குறித்துவைத்தனர். ஆனால் அந்த எல்லையை அறிய அவர்களிடம் இருந்த ஒரே வழி, வெளிப்பட்ட பிழைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே.

அண்மைக்காலம் வரை மருத்துவரும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வந்தால் என்ன வரும், சற்று முன் சொன்ன மூன்று சொற்கள் யாவை என்று கேட்டு, பிழைகளைக் கொண்டு நோயை ஊகித்தார். இத்தகைய ஊகம் பலவேளைகளில் தவறிப்போகிறது. ஸ்வீடனில் நினைவுக் குறைபாட்டுடன் வந்த 1,213 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2024இல் வெளியாயிற்று. அதில், இரத்தச் சோதனையின் உதவியின்றி ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் செய்த கணிப்பு 61 சதவீதமும், நிபுணர்கள் செய்த கணிப்பு 73 சதவீதமும் மட்டுமே சரியாக இருந்தது. இரத்தச் சோதனையோ ஏறத்தாழ 91 சதவீதம் சரியாக இருந்தது.

உறுதியாக அறிய இரண்டு வழிகள் முன்னரே உண்டு. ஒன்று, முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்து ஆராய்வது. மற்றொன்று, அமிலாய்டில் சென்று ஒட்டும் கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி பெட் ஸ்கேன் எடுப்பது. முன்னதற்கு நோயாளி அஞ்சுகிறார். பின்னதற்குப் பெருஞ்செலவும், எளிதில் கிட்டாத கருவியும் வேண்டும். உலகில் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோய் வகைகளால் பீடிக்கப்பட்டுள்ளனர் என்றும், அவர்களுள் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இவ்வாறு இருப்பதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இத்தனை பேருக்கும் பெட் ஸ்கேன் என்பது நடவாத காரியம். இரத்தச் சோதனையின் இன்றியமையாமை இங்கேதான் புலனாகிறது.

உயிருணரி என்பது யாது?

உயிருணரி என்னும் சொல் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நம் வீடுகளில் உள்ளதே. நீரிழிவு உள்ளவர்கள் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் வைத்துச் சர்க்கரையின் அளவைப் பார்க்கிறார்கள் அல்லவா? அந்தச் சிறு கருவி ஓர் உயிருணரியே. 1962இல் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க் வகுத்த நெறியே அதற்கு மூலம். சர்க்கரையை மட்டுமே அடையாளம் கண்டு வினைபுரியும் ஒரு நொதியை அவர் மின்முனையின் மீது நிலைநிறுத்தினார். நொதி சர்க்கரையோடு வினைபுரிகையில் அதன் விளைவு மின்னோட்டமாக வெளிப்பட்டது.

எல்லா உயிருணரிகளுக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, நாம் தேடும் பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் உயிர்ப்பொருள். இரண்டாவது, அந்தப் பற்றுதலை ஒளியாகவோ மின்சாரமாகவோ மாற்றித் தரும் தளம். மூன்றாவது, அந்தக் குறிப்பை எண்ணாக்கிக் காட்டும் மின்னணுப் பகுதி. அடையாளம் காண்பவன், அதனை எடுத்துரைப்பவன், எழுதி வைப்பவன் என்னும் மூவரோடு இவற்றை ஒப்பிடலாம்.

அல்ஸைமர் நோயில் இனங்காணும் பணியைப் பெரும்பாலும் எதிர்ப்பொருள்கள் செய்கின்றன. நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள் இவை. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆய்வகத்தில் உருவாக்கும் முறையை 1975இல் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும் கண்டனர். அதன் பயனாக, டௌ புரதத்தின் 217ஆவது இடத்தில் பாஸ்ஃபேட் ஏறியிருந்தால் மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக்கூட இன்று ஆக்க முடிகிறது. அவ்வாறு பாஸ்ஃபேட் ஏறிய டௌவை இனி டௌ-217 என்று சுருக்கமாகக் குறிப்போம்.

கடலில் கரைந்த துளி

சர்க்கரையை அளப்பது போல் டௌவை அளக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? விடை, அளவின் வேறுபாட்டில் இருக்கிறது. நலமாக உள்ளவரின் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மில்லி கிராம் சர்க்கரை உள்ளது. டௌ-217 இருப்பதோ ஒரு பிக்கோ கிராம் அளவில், பலரிடம் அதனினும் குறைவாக. பிக்கோ கிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆகவே சர்க்கரையோடு ஒப்பிட்டால் இது நூறு கோடியில் ஒரு பங்கு. இரத்த நீரில் மிகுந்துள்ள ஆல்புமின் என்னும் புரதத்தோடு ஒப்பிட்டால், எடையில் நாலாயிரம் கோடியில் ஒரு பங்குதான் தேறும். மூளையைச் சூழ்ந்துள்ள தடுப்பைக் கடந்து இரத்தத்துக்கு வந்து சேருவது அவ்வளவு சொற்பம்.

இத்தடையைத் தாண்ட 2010இல் ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவின் டேவிட் வால்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் அளப்பதை விடுத்து எண்ணத் தொடங்கினர். எதிர்ப்பொருள் பூசிய இலட்சக்கணக்கான நுண்மணிகளை இரத்த நீரில் கலக்கின்றனர். தேடும் மூலக்கூறுகள் மிகக் குறைவாகையால், பெரும்பாலான மணிகள் வெறுமனே இருக்க, ஒரு சில மணிகளில் மட்டும் ஒவ்வொரு மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மூலக்கூற்றின் மீது ஒளிரச் செய்யும் நொதியைச் சேர்த்தபின், ஒரு குழிக்கு ஒரு மணி என்ற கணக்கில் மிக நுண்ணிய குழிகளில் மணிகளை அமர்த்துகின்றனர். குழி மிகச் சிறியதாகையால் ஒரே ஒரு மூலக்கூறு உண்டாக்கும் ஒளியும் சிதறிப்போகாமல் அதற்குள்ளேயே தேங்கித் தென்படுகிறது. பின்னர் ஒளிரும் குழிகளை எண்ணினால் போதும். பெருங்கூட்டத்தின் இரைச்சலில் ஒருவனின் குரலைக் கேட்க முயல்வதை விட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் அமர்த்திக் கேட்பது போன்றது இது.

எதனைத் தேடுவது?

முதலில் ஆய்வாளர்கள் அமிலாய்டையே தேடினர். மூளையில் 42 வகை படியப் படிய, வெளியேறி வரும் அளவு குறைகிறது. எனவே 42க்கும் 40க்கும் உள்ள விகிதம் வீழ்கிறது. ஆனால் தண்டுவட நீரில் தெளிவாகப் புலப்படும் இவ்வீழ்ச்சி, இரத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் என்ற அளவிலேயே நிற்கிறது. இரத்தத் தட்டணுக்கள் முதலியவையும் அமிலாய்டைச் சுரப்பதால் மூளையிலிருந்து வரும் செய்தி மங்கிவிடுகிறது. இரத்தம் எடுத்தபின் சில மணி நேரம் வெளியே வைத்துவிட்டாலும் அமிலாய்டின் அளவு மாறிவிடும்.

டௌ-217 இத்தகைய மயக்கத்துக்கு இடந்தருவதில்லை. நோய் உள்ளவரிடத்தில் அது இருமடங்குக்கும் மேலாக உயர்கிறது. மறதி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே உயரத் தொடங்குகிறது. இவ்விரண்டையும் இணைத்ததே அடுத்த படி. ஒன்று ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வேறுபாடு பெரிதாகிறது. இவ்விகிதத்தை அளக்கும் ஜப்பானிய நிறுவனமான ஃபுஜிரெபியோவின் லூமிபல்ஸ் சோதனைக்கு 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அந்நாட்டில் அல்ஸைமர் நோய்க்காக அனுமதி பெற்ற முதல் இரத்தச் சோதனை இதுவே. 499 பேரின் இரத்தத்தை ஆராய்ந்ததில், உண்டு என்று முடிவு வந்தவர்களில் 91.7 சதவீதத்தினரின் மூளையில் படிவு இருந்தது. இல்லை என்று முடிவு வந்தவர்களில் 97.3 சதவீதத்தினரிடம் படிவு இல்லை. அதேவேளை 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானோருக்கு உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல முடியாத இடைநிலை முடிவே கிடைத்தது.

இச்சோதனை பெரிய ஆய்வகத்தில் தானியங்கி இயந்திரத்தில் செய்யப்படுவது. சர்க்கரைக் கருவி போலக் கையடக்கமான உயிருணரி இந்நோய்க்கு இன்னும் ஆய்வுக்கூடத்தைக் கடந்து வரவில்லை. அதற்கான முயற்சிகள் பலவாறாக நடைபெறுகின்றன. தங்கத் தகட்டில் ஒளிபட்டுத் திரும்பும் கோணம், புரதம் ஒட்டும்போது சற்றே மாறுவதை அளப்பது ஒரு வகை. மின்முனையில் புரதம் ஒட்டும்போது மின்தடை கூடுவதை அளப்பது மற்றொரு வகை. ஒரே அணு தடிமனுள்ள கிராஃபீன் படலத்தின் மீது எதிர்ப்பொருளை நிறுத்தி, புரதத்தின் மின்னூட்டம் படலத்தின் மின்னோட்டத்தை மாற்றுவதைக் காண்பது மூன்றாம் வகை.

இவை உப்பு நீரில் நன்கு செயற்படுகின்றன, இரத்தத்தில் தடுமாறுகின்றன. ஏனெனில் இரத்தத்தின் எண்ணற்ற புரதங்கள் உணரியின் முகத்தில் அப்பிக்கொண்டு பொய்க் குறிப்பைத் தருகின்றன. மேலும் இரத்தத்திலுள்ள உப்புத் துகள்கள் புரதத்தின் மின்னூட்டத்தை ஒரு நானோ மீட்டருக்குள்ளாகவே மறைத்துவிடுகின்றன. எதிர்ப்பொருளின் நீளமோ ஏறத்தாழ 10 நானோ மீட்டர். அதன் நுனியில் பற்றிய புரதத்தின் மின்னூட்டம் கீழேயுள்ள படலத்துக்கு எட்டுவதில்லை. இதனால்தான் எதிர்ப்பொருளுக்குப் பதிலாக அதனினும் குட்டையான அப்டாமர் என்னும் மரபணு இழைத் துண்டுகளைப் பயன்படுத்திப் பார்க்கின்றனர்.

எண்ணிக்கை சொல்லும் பாடம்

இனி, படித்தவர்களும் பிழைபடும் இடத்துக்கு வருவோம். 90 சதவீதம் துல்லியமான சோதனை என்றால், உண்டு என்று முடிவு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் உண்டு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அப்படியன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

மறதியால் அவதியுற்று மருத்துவரை நாடி வந்த 100 பேரில் 60 பேருக்கு மூளையில் படிவு இருப்பதாகக் கொள்வோம். சோதனை அவர்களில் 54 பேரைச் சரியாகக் காட்டும். படிவு இல்லாத 40 பேரில் 4 பேரைத் தவறாகக் காட்டும். ஆக, உண்டு என்ற முடிவு பெற்ற 58 பேரில் 54 பேருக்கு அது மெய். இனி, எந்தக் குறையும் இல்லாத 1,000 பேரைத் தெருவிலிருந்து அழைத்து வருவோம். அவர்களுள் 100 பேருக்குப் படிவு இருப்பதாகக் கொண்டால், 90 பேர் சரியாக அகப்படுவர். மீதி 900 பேரிலும் 90 பேர் தவறாக அகப்படுவர். உண்டு என்ற முடிவு பெற்ற 180 பேரில் பாதிப் பேருக்கு அது பொய். கருவி ஒன்றே, துல்லியமும் ஒன்றே. சோதிக்கப்படுபவர் யார் என்பது முடிவின் பொருளையே மாற்றிவிடுகிறது. அமெரிக்க நிர்வாகம் தன் அனுமதியை 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, நோயின் அறிகுறிகளும் தென்படுவோருக்கு மட்டுமே என்று வரையறுத்ததன் காரணம் இதனால் விளங்கும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தில் நோயின்றியே டௌ உயர்ந்து காணப்படும். உடல் பருத்தவர்களிடம் அது தாழ்ந்து தோன்றும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் மலிந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. உண்டு, இல்லை என்று பிரிக்கும் எல்லை எண்களும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடமிருந்து பெறப்பட்டவையே. அவை நமக்கு அப்படியே பொருந்துமா என்பது இங்கே செய்யப்படும் ஆய்வுகளால் தீர்மானிக்கப்பட வேண்டியது. அன்றியும், மூளையில் படிவு இருப்பவர் எல்லோரும் மறதிநோய்க்கு ஆளாவதில்லை. படிவுகளோடே தெளிவாக வாழ்ந்து மறைந்த முதியவர்கள் பலர்.

அறிந்து என்ன பயன்?

தீர்க்க முடியாத நோயை முன்கூட்டி அறிந்து கவலையை வாங்கிக்கொள்வானேன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப், 2024இல் அனுமதி பெற்ற டொனனமாப் ஆகிய மருந்துகள் அமிலாய்டு படிவை அகற்றுகின்றன. ஆயினும் லெகனமாப் ஆய்வில் 18 மாதங்களில் நோயின் சரிவு 27 சதவீதம் மெதுவாயிற்றே ஒழிய நிற்கவில்லை. மூளை வீக்கம், மூளையில் இரத்தக் கசிவு ஆகிய பக்க விளைவுகளும் உண்டு. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கே இவை பயன்படும், முற்றியபின் பயனில்லை. ஆகவே காலத்தே அறிவதன் மதிப்பு இங்கே தெளிவாகிறது.

இல்லை என்ற முடிவும் இதற்குக் குறைவான பயனுடையதன்று. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பியின் மந்தம், மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவை அனைத்தும் மருத்துவத்தால் சீராகக்கூடியவை. அல்ஸைமர் அன்று என்று தெளிந்துவிட்டால் மருத்துவர் உடனே இவற்றின் பக்கம் திரும்பலாம். அவ்வாறு மீண்டிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர், வயதாகிவிட்டது என்ற ஒற்றைச் சொல்லால் கைவிடப்பட்டார்களோ!

உண்டு என்று தெரிந்தாலோ, அறிவு தெளிவாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் உள்ளன. கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பது, பிறர் ஒப்படைத்த அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது, வஸிய்யத்தைச் சாட்சிகளோடு எழுதிவைப்பது, தம்மைக் கவனிக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று தாமே சொல்லிவைப்பது ஆகியன அவை. அறிவுத் தெளிவு இருக்கும்போது செய்த வஸிய்யத்தே செல்லும் என்னும் சட்டத்தை அறிந்தவர்களுக்கு, அந்தத் தெளிவு எதுவரை நீடிக்கும் என்று அறிவதன் அருமையும் தெரியும். பெற்றவரின் திடீர்க் கோபமும் சந்தேகமும் குணக்கேடல்ல, நோயே என்று பிள்ளைகள் உணர்ந்துகொள்வதும் பெரும் நன்மை. அவ்வுணர்வு வராத வீடுகளில் எத்தனை மனக்கசப்புகள்!

ஆகவே, வீட்டில் ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய பாதையில் வழி தவறுகிறார், கணக்கில் இதுவரை காணாத பிழைகள் செய்கிறார் என்றால், வயதின் மீது பழி போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முதற்கடமை. எந்தச் சோதனை வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். குறையேதும் இல்லாதவர் விளம்பரத்தைக் கண்டு தாமாகவே இரத்தத்தைக் கொடுத்து அச்சத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இரத்தத்தில் தெரிவது ஒரு சுவடு மட்டுமே. அதனைப் படித்துப் பொருள் சொல்ல, நோயாளியை நேரில் கண்டு, அவர் கதையைப் பொறுமையுடன் கேட்கும் மருத்துவர் வேண்டும்.